வலியைத் திருப்பித் தந்தவருக்கு

நுண்ணோக்கியின் முன் அமர்ந்து நூலிழை எண்ணிய நுண்ணறிவே! குப்பியின் மூடியைப் பார்த்தே குறை கண்டுபிடிக்கும் கூர்மையே! "பார்த்துட்டுச் சொல்றேன்" என்ற ஒரே சொல்லால் பட்டம் பெற்றவரையும் பதவியில் உயர்ந்தவரையும் பதறவைத்த பண்பே! முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, முடிவு இனித்தாலும் கசந்தாலும் முகம் மாறாமல் முழுதாகச் சொன்ன முதன்மையே! நரம்பு வளர்ச்சிப் புரத ஆய்வுப் பிரிவின் தலைவராக இருந்து இன்று பணி நிறைவு பெறும், எங்கள் அன்பிற்கும், உள்ளதைச் சொல்வதென்றால் கொஞ்சம் அச்சத்திற்கும் உரிய அம்மையீர்! வணக்கம்.

இதற்கு மேல் அடைமொழி போட எங்களுக்குத் துணிவில்லை. சென்ற ஆண்டு பண்டகக் காப்பாளர் ஓய்வுபெற்றபோது "கருணைக் கடலே! கடமை மலையே!" என்று மடல் வாசிக்கப்பட்டது. "இவர் கடலா மலையா, ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்கப்பா" என்று பின்வரிசையில் நீங்கள் முணுமுணுத்தது மேடைவரைக்கும் கேட்டது. ஆகவே உங்களைக் கடலாகவும் ஆக்கவில்லை, மலையாகவும் ஆக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறோம். உங்களிடம் நேரே சொன்னால் வரிக்கு வரி திருத்துவீர்கள். அதனால் அவையைப் பார்த்து, உங்களை "அவர்" என்றே வைத்துச் சொல்கிறோம். நாங்கள் பார்க்காத இடங்களைச் சொல்லித் தந்தவர் உங்கள் அக்கா. முன்வரிசையில்தான் இருக்கிறார். பிசகு இருந்தால் வீட்டுக்குப் போய் அவரிடம் சண்டை போடுங்கள்.

அவையோரே! நம் உடம்பில் நரம்பு தானாக வளர்வதில்லை. அதை வளரச் சொல்ல ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தைத் தயாரித்து மருந்தாக்கலாம் என்பதுதான் நம் நிறுவனத்தின் பிழைப்பு. ஆனால் குப்பியில் இருக்கும் புரதம் வேலை செய்யுமா செய்யாதா என்பதை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நரம்பைத்தான் கேட்க வேண்டும். அடைகாத்த முட்டைக்குள் இருக்கும் கருவிலிருந்து கடுகளவு நரம்பு முடிச்சை எடுத்துத் தட்டில் வைத்து, புரதத்தைச் சொட்டுவிட்டு, மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் விடை கிடைக்கும். புரதம் நல்லதென்றால் முடிச்சைச் சுற்றி மெல்லிய நூல்கள் எல்லாத் திசையிலும் நீண்டிருக்கும். செத்ததென்றால் முடிச்சு மொட்டையாகக் கிடக்கும்.

அந்த நூல்களைக் காலமெல்லாம் எண்ணியதால் அம்மையாருக்கு "நூல்காரம்மா" என்று பெயர் வந்தது. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் ஒருநாள் தொலைபேசியை எடுத்து, "ஆமா, நூல்காரம்மாதான் பேசறேன், சொல்லுங்க" என்று அவர் சொன்னபோது, அறையில் இருந்த அத்தனை பேரும் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

அவர் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு சோதனை வந்தது. நேற்றுவரை நூல் நூலாக வளர்த்த புரதம் திடீரென்று கையை விரித்துவிட்டது. புரதம் தயாரித்தவர்களைத் திட்டினார்கள். முட்டை கொடுத்தவரைத் திட்டினார்கள். நம் அம்மையார் மட்டும் யாரையும் திட்டாமல், அறையில் புதிதாக வந்த பொருள் என்னென்ன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் குப்பிகளின் ரப்பர் மூடியில் வந்து நின்றார். ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாகம் சேர்ப்பார்கள். அது மூடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து புரதத்தோடு கலந்திருந்தது. துத்தநாக அயனி அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டால் புரதத்தின் உருவம் லேசாகத் திருகிக்கொள்ளும். உருவம் மாறினால் நரம்பு அதை அடையாளம் கண்டுகொள்ளாது. செம்பு அயனியும் இதே வேலையைச் செய்யும். எல்லா உலோகமும் அப்படியல்ல. கால்சியமும் மக்னீசியமும் பக்கத்திலேயே இருந்தாலும் புரதத்தை ஒன்றும் செய்வதில்லை. உலோகத்தை மட்டும் கவ்வி இழுக்கும் மருந்து ஒன்று உண்டு. எங்கள் ஆய்வகத்தில் அதன் செல்லப்பெயர் "இடுக்கி". அம்மையார் செத்த புரதத்தில் இடுக்கியைக் கலந்தார். மறுநாள் நூல் வளர்ந்திருந்தது. புரதம் சாகவில்லை, கட்டுண்டு கிடந்தது என்று அன்று தெரிந்தது.

அன்றிலிருந்து இந்த அறைக்குள் வளையல் வரக் கூடாது, மோதிரம் வரக் கூடாது, துத்தநாகம் பூசிய வாளி வாசலைத் தாண்டக் கூடாது. ஒருமுறை அமைச்சக அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தபோது, "சார், கடிகாரம்" என்று கையை நீட்டி வாங்கிக் கதவருகே இருந்த இழுப்பறையில் போட்டவர் அம்மையார். அதிகாரி போகும்போது திருப்பிக் கொடுக்க மறந்து, வாசல்வரை ஓடியவரும் அவரேதான். "குழாயில தண்ணி வரலன்னாலும் அந்தம்மா துத்தநாகம்னுதான் சொல்லுவாங்க" என்று அப்போதிருந்த இயக்குநர் கேலி பேசுவார். அம்மையார் காதில் போட்டுக்கொண்டதில்லை.

இப்படியே காலம் ஓடி, புரதம் கண் சொட்டு மருந்தாக வளர்ந்தது. கருவிழியின் நரம்பு கெட்டுப்போனவர்களுக்கான மருந்து அது. நரம்பு போனால் கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாது, இமை தானாக மூடாது, புண் வரும், வந்த புண் ஆறாது, கடைசியில் பார்வையே போகும். நான்கு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். மூன்றில் புண் ஆறியது. நான்காவதில் ஒருவருக்கும் ஆறவில்லை.

இயக்குநர் அம்மையாரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்த மருத்துவமனைக்குப் போன மருந்துக்கு நீங்கதானே நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா சார், நான்தான்."

"உங்க சோதனை தப்பா இருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம். பார்த்துட்டுச் சொல்றேன்."

"சீக்கிரம் பாருங்கம்மா. அடுத்த வாரம் குழு கூடுது. மருந்தையே மூட்டை கட்டிடலாம்னு பேசிக்கிறாங்க."

அறையில் யாரும் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த நான்காவது மருத்துவமனையின் கண் மருத்துவர் அம்மையாரின் சொந்த அக்கா. தாய் சின்ன வயதிலேயே போய்விட, தங்கையைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அக்காதான். மருத்துவக் கல்லூரியில் படித்த நாளில் ஆட்டின் கண் ஒன்றை வாங்கிவந்து, சமையலறை மேசையில் அறுத்து, "இங்க பாரு பாப்பா, இதுதான் கருவிழி" என்று காட்டியவரும் அவரே. அன்று தங்கை பயந்து ஓடவில்லை, "இதுக்கு உள்ள என்னக்கா இருக்கு?" என்று கேட்டாளாம். அந்தக் கேள்விதான் நம் பிரிவுக்கு அடிக்கல் என்கிறார் அக்கா.

அம்மையார் அந்த மருத்துவமனையில் பாதி தீர்ந்த குப்பிகளையே வரவழைத்துச் சோதித்தார். நூல் காடாக வளர்ந்தது. ஆக, மருந்து இங்கிருந்து நல்லபடியாகப் போயிருக்கிறது, அங்கேயும் நல்லபடியாகத்தான் இருந்திருக்கிறது. குப்பிக்கும் கண்ணுக்கும் நடுவில்தான் ஏதோ நடந்திருக்கிறது. மறுநாள் காலையிலேயே கிளம்பிப்போய், கண் பிரிவின் நீளப் பெஞ்சில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் ஒரு லாரி ஓட்டுநர். அம்மை போன்ற கொப்புளம் வந்து போனதில் ஒரு கண்ணின் உணர்ச்சி போய்விட்டது. யாரென்று தெரியாமலே அம்மையாரிடம் கதை சொன்னார்.

"முதல்ல வலி நின்னதும் குணமாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேம்மா. அப்புறம்தான் தெரிஞ்சது, வலிக்காததுதான் வியாதின்னு. கண்ணுல மண்ணு விழுந்தாக்கூட கண்ணாடியில பார்த்துதான் துடைக்கிறேன். இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு யாரு எனக்கு வண்டி கொடுப்பா?"

செவிலியர் வந்து அவர் தலையைச் சாய்த்து ஒரு சொட்டு விட்டார். துடைத்துவிட்டு, கையோடு நம் மருந்தையும் விட்டார்.

"முதல்ல விட்டீங்களே, அது என்னம்மா?" என்றார் அம்மையார்.

"அதுவா? கண் சிவப்பா இருக்கில்ல, அதுக்கு. டாக்டரம்மா எல்லாருக்கும் போடச் சொல்லுவாங்க. ரெண்டையும் சேர்த்துப் போட்டுட்டா ஒரே வேலையா முடிஞ்சிடும்."

குப்பியை வாங்கிச் சீட்டைப் படித்தார். துத்தநாகச் சொட்டு. பல காலமாகக் கண் சிவப்புக்குப் போட்டுவரும், யாருக்கும் கெடுதல் செய்யாத, சாதாரணச் சொட்டு. அம்மையாருக்கு முதலில் சிரிப்பு வந்தது. தன் சோதனை சரிதான், மருந்தும் நல்லதுதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் அக்காவின் வீடு.

அப்போதும் பார்க்காமல் சொல்லவில்லை. அந்தச் சொட்டை எடுத்துவந்து புரதத்தோடு கலந்தார். முடிச்சு மொட்டையாகக் கிடந்தது. இடுக்கியையும் சேர்த்தார். நூல் நீண்டது. அதன்பிறகுதான் அக்கா வீட்டுப் படியேறினார். ஊருக்கெல்லாம் கண் அறுவை செய்யும் அக்கா, கூடத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தச் சிவப்புக்குப் போடற சொட்டை நிறுத்தணும்."

"எதுக்கு?"

"அதுல இருக்கிற துத்தநாகம் எங்க புரதத்தைக் கட்டிப்போட்டுடுது. மருந்து கண்ணுல வேலையே செய்யல."

அக்கா ஊசியை நிறுத்தினார். "பாப்பா, இந்தக் கையால எத்தனை பேருக்கு அந்தச் சொட்டைப் போட்டிருக்கேன்னு உனக்குத் தெரியுமா? ஒருத்தர் கண்ணு கெட்டதுன்னு சொல்லு, பார்ப்போம்."

"கண்ணைக் கெடுக்கலக்கா. மருந்தைத்தான் கெடுக்குது."

"கோழிக்குஞ்சு நரம்பை வெச்சுக்கிட்டு மனுஷக் கண்ணைப் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டியா?"

"ஒரே ஒரு தடவை வந்து நுண்ணோக்கியில பாரேன்."

"நீ எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். சாப்பிடறதா இருந்தா உக்காரு. இல்லன்னா கிளம்பு."

அம்மையார் கிளம்பிவிட்டார்.

அன்று ஏன் அவ்வளவு கோபம் என்று அக்காவிடமே கேட்டோம். "சொட்டைப் பத்திச் சொன்னது கோபம் இல்ல" என்றார். "அந்த நோயாளிங்க கையைப் பிடிச்சிக்கிட்டு, ஆறிடும் ஆறிடும்னு மாசக்கணக்கா சொல்லிக்கிட்டிருந்தேன். ஆறவிடாம வெச்சிருந்ததே என் கைதான்னு ஒருத்தர் வந்து சொன்னா எப்படி இருக்கும்? அதுவும் நான் வளர்த்த பொண்ணு வந்து சொன்னா?"

குழு கூடியது. அம்மையார் படங்களை மேசையில் பரப்பினார். வெறும் மருந்து, நூல் உண்டு. துத்தநாகச் சொட்டோடு, நூல் இல்லை. இடுக்கியும் சேர்ந்தால், மறுபடி நூல் உண்டு. இயக்குநருக்கு உயிர் வந்தது.

"அப்போ தப்பு அந்த மருத்துவமனையோடதுதான். அப்படியே எழுதிடலாம்."

"இல்ல சார்" என்றார் அம்மையார். "கூட வேற சொட்டுப் போடக் கூடாதுன்னு நம்ம அறிவுறுத்தல்ல ஒரு வரிகூட இல்ல. ரப்பர் மூடி விவகாரத்துல இருந்து துத்தநாகம் என்ன பண்ணும்னு இந்தக் கட்டடத்துக்கே தெரியும். தெரிஞ்ச நாம சொல்லல. தெரியாதவங்க போட்டாங்க. எழுதறதா இருந்தா அதை எழுதுங்க."

"அவங்க உங்க அக்காங்கிறதால இப்படிப் பேசறீங்களோ?" என்று குழுவில் ஒருவர் இழுத்தார்.

"அக்காகிட்ட நேத்து சண்டை போட்டுட்டுத்தான் சார் வந்திருக்கேன். பேச்சே இல்ல. அவங்களுக்காகப் பேசணும்னா படத்தை வீட்டுலயே வெச்சுட்டு வந்திருப்பேன்."

அறிவுறுத்தல் திருத்தி எழுதப்பட்டது. நான்காவது மருத்துவமனையில் துத்தநாகம் இல்லாமல் இன்னொரு முறை மருந்து கொடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஆறவில்லையென்றால் மருந்துக்கும் முழுக்கு, பிரிவுக்கும் முழுக்கு.

அக்கா பேசவில்லை. தொலைபேசி இல்லை, ஆள்மூலம் சேதி இல்லை. பண்டிகை, விசேஷம் என்று எதற்கும் அழைப்பில்லை. அம்மையாரும் வழக்கம்போல் வந்தார், எண்ணினார், போனார். அக்கா வழக்கமாகக் கூப்பிடும் மதிய வேளையில் மட்டும் தொலைபேசி மணி அடித்தால் எங்களை முந்திக்கொண்டு எடுப்பார். வேறு யாராவதாக இருக்கும். அவருக்குத் தெரியாத ஒன்று என்னவென்றால், சண்டைக்கு மறுநாள் காலையே, குழு கூடுவதற்கு முன்பே, அக்கா தன் கண் பிரிவின் தட்டுகளிலிருந்த துத்தநாகச் சொட்டுக் குப்பிகளையெல்லாம் தானே பொறுக்கி எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "ஏன் டாக்டர்?" என்று செவிலியர் கேட்டதற்கு, "எங்க வீட்டுல ஒருத்தி சொல்றா" என்று மட்டும் சொன்னாராம். கோபம் ஒரு பக்கம் இருந்தது, வேலை ஒரு பக்கம் நடந்தது.

பல வாரம் கழித்து ஒருநாள் மணி அடித்தது. அக்காதான்.

"கிளம்பி வா" என்றார். வைத்துவிட்டார்.

நல்லதா கெட்டதா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. போகிற வழியெல்லாம், புண் ஆறாவிட்டால் எங்களில் யார் யாருக்கு எந்தப் பிரிவில் இடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்ததாக அம்மையாரே பிறகு சொன்னார்.

அக்காவின் மருத்துவமனை அறையில் அதே லாரி ஓட்டுநர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அக்கா பஞ்சை நூல்போல் திரித்துத் தங்கை கையில் கொடுத்தார்.

"கருவிழி ஓரமா லேசா தொடு. நீயே தொட்டுப் பாரு."

"தாராளமா தொடுங்கம்மா" என்றார் ஓட்டுநர். "எத்தனையோ தடவை தொட்டுட்டாங்க. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

அம்மையார் குனிந்து பஞ்சின் நுனியால் தொட்டார். இமை படக்கென்று மூடிக்கொண்டது. ஓட்டுநர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு கத்தினார்.

"யாரும்மா நீங்க! கண்ணுலயா குத்துவாங்க? அறிவில்ல?"

கத்தியவர் சட்டென்று நிறுத்தினார். மெதுவாகக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கண்ணில் தானாக நீர் வந்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"வலிச்சுதும்மா" என்றார். "எனக்கு வலிச்சுது. இன்னொரு தடவை குத்துங்க."

"போதும் போதும், புண்ணு இப்பத்தான் ஆறியிருக்கு" என்று அக்கா அதட்டினார். அதட்டிவிட்டு, தங்கை பக்கம் திரும்பி, "சாப்பிட்டியா?" என்றார். இருவரும் அந்த அறையிலேயே ஒரே டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்களாம். அன்று அம்மையார் வாங்கிய வசவைப்போல் அழகான பாராட்டை எங்களால் எழுத முடியாது. ஆகவே அதையே இங்கே படித்துவிட்டோம்.

எல்லோருக்கும் ஆறியது என்று சொல்லி முடித்தால் கதை நன்றாக இருக்கும். ஆனால் அவர் இப்போதே எழுந்து நின்று திருத்துவார். ஒருவருக்கு ஆறவில்லை. அதற்குத் துத்தநாகமும் காரணமில்லை, செம்பும் காரணமில்லை. காரணம் இன்னும் தெரியாது. மற்றவர்களுக்கு ஆறியது. மருந்து நின்றது, பிரிவும் நின்றது, அந்தப் பிரிவில் நாங்களும் நிற்கிறோம்.

அம்மையீர்! இனி உங்களிடமே பேசுகிறோம்.

ஓய்வு வயது வந்ததும் இன்னும் இரண்டு ஆண்டு இருங்கள் என்று நிறுவனம் கேட்டது. நாங்களும் கெஞ்சினோம். "நான் பக்கத்துல நின்னாத்தான் நூல் வளரும்னா அது சோதனை இல்ல, மந்திரம்" என்று மறுத்துவிட்டீர்கள். சொன்னதோடு விடவில்லை. கடைசி மாதம் முழுக்க ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைக்காமல் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். பெயர் ஒட்டாத குப்பிகளைக் கலந்து எங்களிடம் அனுப்பினீர்கள். சிலவற்றில் துத்தநாகம், சிலவற்றில் செம்பு, சிலவற்றில் வெறும் புரதம், ஒன்றில் நாங்கள் ஏமாறுவதற்கென்றே கால்சியம். எதில் புரதம் கட்டுண்டிருக்கிறது, எதில் இல்லை என்று நூலை எண்ணிச் சொல்லச் சொன்னீர்கள்.

பக்கத்தில் கேட்க ஆளில்லை. எங்களுக்குள் ஒரு குப்பிக்காகச் சண்டைகூட வந்தது. கடைசியில், நீங்கள் எத்தனையோ முறை செய்ததைப்போல, சண்டையை நிறுத்திவிட்டு மறுபடி எண்ணினோம். நேற்று மாலை விடைகளைக் கொண்டுவந்து நூலக மேசையில் வைத்தோம். நீங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். ஒரு குப்பியும் பிசகவில்லை.

"சரியா இருக்கு" என்றீர்கள். "அப்போ நான் கிளம்பலாம்."

கிளம்புங்கள், அம்மையீர்! கண் மங்காத காட்சியும், கால் தளராத நடையும், கேள்வி குறையாத கூர்மையும், அக்காவோடு சண்டையிட்டுச் சமாதானமாகும் ஆசையும் நீங்காமல், நெடுநாள் நலமோடு நிறைவோடு வாழ்க! நாளைக் காலை புது முட்டைகள் வருகின்றன. கதவருகே வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு நாங்கள் உள்ளே போவோம். நூல்கள் வளரும். எண்ணிவிடுவோம்.

இவண்,
உங்கள் விடையையும் சரிபார்த்துவிட்டே கையெழுத்திடும்
நரம்பு வளர்ச்சிப் புரத ஆய்வுப் பிரிவுப் பணியாளர்கள்